கேதம் கேட்காத வீடு

கேள்வி: எனக்கு 43 வயது. கணவர், இரண்டு பிள்ளைகளோடு மஸ்கட்டில் இருக்கிறேன். சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிராமம். 2021 மே மாதம் கொரோனாவில் அப்பா இறந்துபோனார். அப்போது என் சின்னவனுக்கு நாலு மாதம். இந்தியாவிலிருந்து வருபவர்களை ஓமனுக்குள் விடாத நேரம். போனால் எப்போது திரும்புவேன் என்றே தெரியாது. அதனால் போகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராகச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்; வீட்டுக்கே கொண்டுவரவில்லை. அன்று ராத்திரி அம்மா வீடியோ காலில் அழுதபோது பின்னால் அடுப்படிச் சுவர் தெரிந்தது. கேஸ் சிலிண்டர் மாட்டின தேதியை அப்பா பென்சிலால் அந்தச் சுவரில்தான் எழுதிவைப்பார். இன்றுவரை அப்பா என்றால் எனக்கு அந்தச் சுவர்தான் கண்ணில் நிற்கிறது. மூன்று மாதம் கழித்துத் தம்பி அம்மாவைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போய்விட்டான். வீடு பூட்டிக் கிடக்கிறது. அதற்குப் பிறகு இரண்டு முறை வந்தேன், கோயம்புத்தூரோடு திரும்பிவிட்டேன். இந்த நாலு வருஷமாக ராத்திரியில் வாட்ஸ்அப் அழைப்பு வந்தால் கை நடுங்குகிறது. இப்போது தம்பி வீட்டுக்கு வெள்ளையடித்து வாடகைக்கு விடப் போகிறான். அம்மாவோ, "அதுக்கு முன்னால ஒரு தடவை வீட்டைத் தொறந்து விளக்கேத்திட்டு வந்திருவோம்" என்று போன் பண்ணும்போதெல்லாம் சொல்கிறார். போனால் மனசு ஆறுமா, இல்லை ஆறின புண்ணைக் கிளறின மாதிரி ஆகிவிடுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் வேலையாகத் தம்பிக்குப் போன் போடுங்கள். நீங்கள் வந்துபோகும் வரைக்கும் வெள்ளையடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். முடியாது என்றால் அடுப்படியில் அந்த ஒரு சுவரையாவது விட்டுவைக்கட்டும். மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசிக்கொள்ளலாம். சுண்ணாம்பு ஏறிய பிறகு பென்சில் எழுத்தை யாராலும் மீட்க முடியாது.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். போங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஆறின புண் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டேன், ஆறினதற்கான அடையாளம் ஒன்றையும் அதில் காணவில்லை. ஊர்ப் பக்கமே போகாமல் கோயம்புத்தூரோடு திரும்பியது, ராத்திரி போன் அடித்தால் கை நடுங்குவது, இதெல்லாம் கட்டுப்பிரித்துப் பார்க்காத புண். உள்ளே எப்படி இருக்கிறது என்று உங்களுக்கே தெரியவில்லை.

நம் ஊர்களில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே அடுப்பு எரியாது. சொந்தக்காரர்கள் வீட்டிலிருந்து தூக்குவாளியில் சாப்பாடு வரும். கேதம் கேட்க, அதாவது துக்கம் விசாரிக்க, வருகிற பெண்கள் தெருமுனையிலேயே அழ ஆரம்பித்துவிடுவார்கள், உள்ளே வந்து கட்டிப்பிடித்து அழுவார்கள். அழுது ஓய்ந்து, மூக்கைச் சிந்தி, முந்தானையால் துடைத்துக்கொண்டு, "எப்படி ஆச்சு, எத்தனை மணிக்கு?" என்று கேட்பார்கள். அடுத்து வருகிறவரும் அதையேதான் கேட்பார். பதினாறாம் நாள் காரியம் முடிகிறவரை இப்படியே ஓடும்.

சின்ன வயதில் எனக்கு இது பிடிக்கவே பிடிக்காது. பறிகொடுத்தவளிடம் போய் எத்தனை தடவைதான் கேட்பார்கள் என்று கோபம் வரும். என் அம்மா போனபோதுதான் விஷயம் பிடிபட்டது. முதல் நாள் "காலையில காப்பி கேட்டா" என்பதற்கு மேல் என்னால் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை, தொண்டை அடைத்துவிடும். நாலாம் நாள், காப்பியில் சர்க்கரை பத்தவில்லை என்று அவள் சொன்னது வரைக்கும் வந்தேன். எட்டாம் நாள், டம்ளர் கையிலிருந்து நழுவினது வரைக்கும். பதினாறு நாளுக்குள் முழுக் கதையையும் என்னால் சொல்ல முடிந்தது. வந்தவர்கள் எல்லாரும் சேர்ந்துதான் என்னைச் சொல்ல வைத்தார்கள்.

உங்களுக்கு அந்தப் பதினாறு நாள் கிடைக்கவில்லை. உங்கள் அம்மாவுக்கும் கிடைக்கவில்லை, அதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 2021 மே 10 முதல் தமிழ்நாடு முழுக்க ஊரடங்கு, 24-ம் தேதியிலிருந்து கடைகூடக் கிடையாது. 21-ம் தேதி ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. யார் வருவார்கள்? வந்தவர்களும் முகக்கவசத்தோடு கேட்டுக்கு வெளியே நின்று தலையாட்டிவிட்டுப் போயிருப்பார்கள். கட்டியவரைப் பறிகொடுத்தவரைத் தொட்டு அழ ஒரு கை இல்லை. அப்புறம் கோயம்புத்தூர். அங்கே அழுதால் "பிரஷர் ஏறிடும்மா, விடுங்க" என்று டிவியைப் போட்டிருப்பார்கள். பிள்ளைகள் நல்ல எண்ணத்தில்தான் செய்வார்கள், நானும் செய்திருக்கிறேன். ஆனால் அந்த அம்மா நாலு வருஷமாகக் கேதம் கேட்காத வீட்டையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். விளக்கேற்றிவிட்டு வருவோம் என்று அவர் கேட்பதற்கு இதுதான் அர்த்தம் என்று நினைக்கிறேன்.

அதனால் நீங்கள் மனசு ஆற்றிக்கொள்ளப் போகவில்லை, கேதம் கேட்கப் போகிறீர்கள். உங்கள் அம்மாவிடம், அவர் புருஷனுக்கு. நாலு வருஷம் தாமதம் என்று கூச்சப்பட வேண்டாம். பர்மாவுக்கும் கொழும்புக்கும் போய் வருஷக் கணக்கில் கழித்துத் திரும்பினவர்கள் பெட்டியைத் திண்ணையில் வைத்ததும் முதலில் சாவு விழுந்த வீட்டுக்குத்தான் போவார்கள் என்று என் பாட்டி சொல்வாள். போய் அழுதுவிட்டு வந்துதான் கைகால் கழுவுவார்களாம். தூரம் போனவர்கள் உள்ள ஊரில் இதற்கெல்லாம் கெடு கிடையாது.

எப்போது போவது? பிள்ளைகளின் கோடை விடுமுறை ஆடியோடு சேர்ந்து வருமானால் அப்போது போங்கள். உங்கள் பக்கம் அப்போது காற்றும் சாரலுமாக இருக்கும். ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் படித்துறையில் ஊரே கூடும். தர்ப்பணம் மகன்தான் கொடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் தம்பி கொடுக்கட்டும், அதில் சண்டை வேண்டாம். நீங்களும் அம்மாவும் தாமிரபரணியில் முழங்கால் தண்ணீரில் நின்று, கை நிறைய அள்ளி, அப்பா பேரைச் சொல்லி விடுங்கள். அதைத் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை.

குறைந்தது பத்து நாளாவது இருங்கள். மூன்று நாளில் வீட்டைப் பார்த்துவிட்டு, குற்றாலத்தையும் பார்த்துவிட்டு ஓடிவருவதாக இருந்தால் போகவே வேண்டாம். முதல் மூன்று நாளுக்குக் கணவரும் பிள்ளைகளும் வேறு எங்காவது இருக்கட்டும். அந்த நாட்கள் அம்மாவுக்கும் மகளுக்கும்.

நாலு வருஷம் பூட்டின வீடு. இரண்டு நாள் முன்னாலேயே ஊரில் யாரையாவது விட்டுத் திறந்து காற்றாட வைக்கச் சொல்லுங்கள். கரண்ட், மோட்டார், கரையான், பூச்சிபொட்டு எல்லாம் பார்த்துவைக்கட்டும். ஆனால் ஒரு துரும்பையும் வெளியே எறியக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். பெருக்குவதைக்கூட உங்களுக்கு விட்டுவைக்கட்டும். துடைப்பம் கையில் இருக்கும்போது அழுகை வந்தால் பாதகமில்லை, வேலையும் நடக்கும் அழுகையும் நடக்கும். சும்மா உட்கார்ந்து அழுவதுதான் ஆளைச் சாய்க்கும்.

பகலில் போய் இறங்குங்கள். ராத்திரி அங்கே படுக்க முடியவில்லை என்றால் பக்கத்தில் சித்தி வீடோ பெரியம்மா வீடோ இருக்குமே, அங்கே படுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில் வந்து பால் காய்ச்சுங்கள். அப்புறம் அண்டை அயலைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். அவர்கள் கேட்கத் தயங்குவார்கள், இத்தனை வருஷம் கழித்து எதற்குக் கிளற வேண்டும் என்று. நீங்களே ஆரம்பியுங்கள்: "அப்பா கடைசியா உங்ககிட்ட என்ன பேசினாங்க?" அவ்வளவு போதும். டீக்கடையில், ரைஸ் மில்லில், வரப்பில் பார்த்த அப்பாவை ஆளுக்கு ஒரு பிடி கொண்டுவந்து கொடுப்பார்கள். மஸ்கட்டில் இது கிடைக்காது, கோயம்புத்தூரிலும் கிடைக்காது. ஊருக்குப் போகச் சொல்லி நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணமே இதுதான். உங்கள் அப்பாவைத் தெரிந்த ஜனம் அங்கேதான் இருக்கிறது.

முதல் நாள் இப்போது இருப்பதைவிட மோசமாகத்தான் இருக்கும். வாசல் கதவைத் திறந்ததும் அந்த வீட்டு வாசனை வரும், அதற்கு யாரும் தயாராகிப் போக முடியாது. அழுதுகொண்டே இருந்துவிட்டு, அடுத்த அரை மணி நேரத்தில் பக்கத்து வீட்டுக் கல்யாணக் கதைக்குச் சிரிப்பீர்கள். சிரித்ததற்கு உடனே ஒரு குற்ற உணர்வு வரும். அதைப் பொருட்படுத்தாதீர்கள். மார்கரெட் ஸ்ட்ரோப், ஹென்க் ஷூட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999-ல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்: துக்கத்தில் இருப்பவர் இழந்ததன் பக்கமும் வாழ வேண்டியதன் பக்கமுமாக ஊசலாடிக்கொண்டேதான் இருப்பார், இரண்டும் வேண்டும். சாவு வீட்டில் ஒரு பக்கம் ஒப்பாரி, இன்னொரு பக்கம் பந்திக்கு இலை போடுகிற சத்தம் என்று நம் ஆட்கள் வைத்திருப்பதும் அதைத்தானே.

இனி நீங்கள் எழுதாமல் எழுதியிருக்கிற விஷயம். "அதனால் போகவில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த வரிதான் உங்களைத் தூங்கவிடவில்லை. விதி என்றோ, உங்கள் கையில் ஒன்றும் இல்லை என்றோ நான் சொல்லப் போவதில்லை. முடிவு உங்களுடையதுதான். நாலு மாதப் பிள்ளையை வைத்துக்கொண்டு, எப்போது திரும்புவோம் என்று தெரியாமல் கிளம்புவதா என்று கணக்குப் போட்டீர்கள். அந்தக் கணக்கை அப்பாவிடம் கொடுத்திருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார்? ஒரு சிலிண்டர் எத்தனை நாள் வரும் என்று பார்க்கத் தேதி எழுதிவைக்கிற மனிதர். பேரன் பால்குடி மறக்காத பிள்ளை என்பது அவர் கணக்கில் முதல் வரியாக இருந்திருக்காதா? இது என் ஊகம்தான், அவரைத் தெரிந்தவர் நீங்கள். அந்தச் சுவர் முன்னால் நின்று, வராமல் போனதை அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பக்கத்தில் அம்மா இருந்தால் இன்னும் நல்லது. அம்மா பதில் சொல்வார்.

இன்னொரு காரியமும் செய்ய வேண்டும். ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். இழப்பு நடந்து ஆறு மாதத்துக்கு மேலும் துக்கம் அன்றாட வாழ்க்கையைப் பிடித்து நிறுத்திக்கொண்டே இருந்தால், அதைச் சிகிச்சை தேவைப்படும் நீடித்த துயரமாக உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் சேர்த்திருக்கிறது. 2022 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. உங்களுக்கு அது இருக்கிறது என்று நான் கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது, மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஊரில் இருக்கும்போது மனசு கட்டுக்கடங்காமல் போனால் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, காசு கிடையாது, தமிழில் பேசலாம்.

பத்து நாளைக்குள் அம்மா அநேகமாக, "நான் இங்கயே இருந்துக்கிறேன்" என்பார். உடனே சரி என்றும் சொல்லாதீர்கள், முடியாது என்றும் சொல்லாதீர்கள். தனியாக இருக்கும் அம்மாவை நினைத்துத் தம்பி பயப்படுவதும் நியாயம்தான், நாலு வருஷமாகப் பார்த்துக்கொள்வது அவர். வீட்டு விஷயமாகப் பத்திரம் எதிலும் அந்தப் பத்து நாளில் மூன்று பேரும் கையெழுத்துப் போடாதீர்கள், விற்பதானாலும் பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரமானாலும். கிளம்புகிற அவசரத்தில் போட்ட கையெழுத்தால் பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணன் தங்கைகளின் கடிதம் எனக்கு மாதம் ஒன்றாவது வருகிறது.

இதைப் படிக்கும் வேறு சிலருக்கு ஒரு வார்த்தை. பிறந்த வீட்டில் அடியும் அவமானமும் மட்டுமே கண்டவர்கள் உண்டு. ஊருக்குப் போ என்று அவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். இந்தச் சகோதரிக்குச் சொல்வதற்குக் காரணம், அவர் கடிதத்தில் அந்த வீடு அன்போடு வருகிறது.

கேத வீட்டுக்கு வந்தவர்கள் திரும்பும்போது "போயிட்டு வாரேன்" என்று சொல்ல மாட்டார்கள். பேசாமல் எழுந்து போய்விடுவார்கள். நீங்கள் அந்த வீட்டுப் பிள்ளை. பத்தாம் நாள் வாசல் கதவைப் பூட்டும்போது, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "போயிட்டு வாரேன்ப்பா" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.