ஃப்ரேமுக்குள் அடங்காத மயில்

கேள்வி: குடியாத்தத்தில் வீட்டிலேயே மெஷின் எம்பிராய்டரி செய்து கொடுக்கிறேன். துணியை மாட்ட என்னிடம் இருக்கும் பெரிய ஃப்ரேமே 130×180 மி.மீ. தான். ஒரு கல்யாணப் பெண்ணுக்கு ஆரணிப் பட்டு ஜாக்கெட்டின் முதுகில் தோகை தொங்கும் மயில் கேட்டார்கள். உயரம் 300 மி.மீ., அகலம் 120. சாஃப்ட்வேரில் மூன்று துண்டாகப் பிரித்துத் தைத்தேன். ஒரு மூட்டு பரவாயில்லை. இன்னொன்றில் இடது பக்கம் ஒட்டிக்கொண்டு சேருகிறது, வலது பக்கம் 2 மி.மீ. அளவுக்குப் பட்டு தெரிகிறது. பெரிய மெஷின் வாங்கினால்தான் இந்த மாதிரி ஆர்டர் எடுக்க முடியுமா அக்கா? முகூர்த்தம் நெருங்குகிறது. இந்த ஜாக்கெட்டையும் காப்பாற்ற வேண்டும்.

பதில்: மெஷின் வாங்கும் யோசனையைத் தள்ளி வையுங்கள். உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. ஒரு பக்கம் சேர்ந்து மறுபக்கம் விலகியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் விஷயம். இடைவெளி இரண்டு பக்கமும் சமமாக இருந்திருந்தால், ஊசி நின்ற இடம் தப்பு, அல்லது தையல் துணியை இழுத்துவிட்டது என்று சொல்வேன். ஆப்பு மாதிரி ஒரு பக்கம் மட்டும் விரிகிறது என்றால் துணி ஃப்ரேமில் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 120 மி.மீ. அகலத்தில் ஒரு டிகிரி திரும்பினால் மறு ஓரத்தில் 2 மி.மீ. விலகும். 180 மி.மீ. நீளத்தில் அதே ஒரு டிகிரி 3 மி.மீ. ஆகிவிடும். ஒரு டிகிரி கோணலைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஃப்ரேமில் மாட்டும்போது நேராகத்தான் தெரியும், தைத்து முடித்த பிறகுதான் காட்டிக்கொடுக்கும்.

நம்மில் நிறையப் பேர் ஒரே ஒரு புள்ளியைத்தான் பொருத்திப் பார்க்கிறோம். ப்ளஸ் குறி போட்டு, ஊசியை அதன் நடுவில் இறக்கி, சரியாக இருக்கிறது என்று ஸ்டார்ட் அழுத்திவிடுகிறோம். ஒரு ஆணியில் மாட்டிய படம் எந்தப் பக்கமும் ஆடும். இரண்டு ஆணி அடித்தால்தான் நிற்கும். இங்கேயும் இரண்டு புள்ளி வேண்டும், அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது.

அதனால் அடுத்த முறை துணியில் முதல் வேலை, முதுகின் நடுக்கோடு. மயில் நிற்கும் உயரத்தையும் தாண்டி மேலும் கீழும் நீளும்படி டெய்லர் சாக்கில் மெல்லிய கோடு ஒன்று இழுங்கள். ஜாக்கெட் பிட்டை வெட்டாதீர்கள். வெட்டாத துணியில் அளவு வரைந்து, எம்பிராய்டரி முடிந்த பிறகு வெட்டுவதுதான் முறை. சாக் கறை போகிறதா என்று அதே பட்டின் ஓரத்தில் சோதித்துக்கொள்ளுங்கள். சூடு பட்டால் மறையும் பேனாவைப் பட்டில் நான் தொடுவதே இல்லை. சில சாயங்களில் வெளுத்த தடம் விட்டுவிடுகிறது.

பிறகு டிசைனை நிஜ அளவில் பிரிண்ட் எடுங்கள். பிரிண்டரில் 'ஃபிட் டு பேஜ்' இருந்தால் எடுத்துவிடுங்கள், அது சத்தமில்லாமல் சுருக்கிவிடும். பிரிண்டை ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தே நம்புங்கள். ஏ4 தாளின் நீளமே 297 மி.மீ. தான், உங்கள் மயில் அதில் அடங்காது. இரண்டு தாளை ஒட்டிக்கொள்ளுங்கள். அதை நடுக்கோட்டின்மேல் வைத்து, மயில் எந்த உயரத்தில் வரும் என்று சாக்கில் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பிரிப்பது. உங்களுக்கு மூன்று துண்டு தேவையே இல்லை. 300 மி.மீ. உயரத்துக்கு 180 மி.மீ. ஃப்ரேமை இரண்டு முறை மாட்டினால் போதும். மூட்டு ஒன்று குறைந்தால் கவலையும் ஒன்று குறையும். சாஃப்ட்வேர் தானாகப் பிரித்தால் கத்தியால் அறுத்த மாதிரி குறுக்கே நேர்கோடாகப் பிரிக்கும். அந்த நேர்கோடு நிரப்புத் தையலின் நடுவே போனால், அரை மி.மீ. விலகல்கூடக் கண்ணை உறுத்தும். மயில் எங்கே தானாகவே பிரிகிறது என்று பாருங்கள். உடல் முடிந்து தோகை தொடங்கும் இடம்தான் அது. கொண்டையோடு உடல் 130 மி.மீ., தோகை 170 மி.மீ. என்று அமைத்தால் இரண்டும் தனித்தனியே ஃப்ரேமில் உட்காரும். முதலில் தோகையைத் தையுங்கள். இறகுகளின் வேர்ப்பகுதி உடலுக்கு அடியில் 2, 3 மி.மீ. நுழையும்படி சாஃப்ட்வேரிலேயே நீட்டி வையுங்கள். பிறகு வரும் உடலின் விளிம்பு அந்த வேர்களை மூடிக்கொள்ளும். ஓடு வேய்கிறவர்கள் கீழ் வரிசையை வைத்துவிட்டு மேல் வரிசையை அதன்மேல் ஏற்றுவார்களே, அதே கணக்கு. அப்புறம் கொஞ்சம் விலகினாலும் வெளியே தெரியாது.

பட்டுத் துணியை ஃப்ரேமின் இரண்டு வளையத்துக்கு நடுவே இறுக்காதீர்கள். ஆரணிப் பட்டு மெல்லிசு, வளையத்தின் தடம் பதிந்தால் லேசில் போகாது. (1989-இல் வட ஆற்காடு மாவட்டம் பிரிந்தபோது ஆரணி திருவண்ணாமலைப் பக்கம் போய்விட்டது. ஆனாலும் எங்கள் வேலூர்க் கடைக்கு வரும் முகூர்த்தத் துணிகளில் இன்றும் அந்தப் பட்டு நிறைய வருகிறது, அதனால் இதைப் பட்டறிந்தே சொல்கிறேன்.) மயில் வரும் பரப்பு முழுவதற்கும், பட்டின் பின்புறம் மெல்லிய ஃப்யூசிங்கை (இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் உள்துணி) மிதமான சூட்டில் ஒரே துண்டாக ஒட்டுங்கள். துணி நெகிழாது. ஃப்ரேமில் எம்பிராய்டரி பேப்பரை (துணிக்கு அடியில் தாங்கலாக வைக்கும் ஸ்டெபிலைசர்) மட்டும் மாட்டி, பேப்பர்மேல் லேசாகப் பசை ஸ்ப்ரே அடித்து, பட்டை அதன்மேல் நீவிப் படுக்க வையுங்கள். ஸ்ப்ரேயை மெஷினுக்குப் பக்கத்தில் அடிக்கக் கூடாது, பசை உள்ளே போய்ப் படியும். பேப்பரில் கிழித்தெடுக்கும் வகை வேண்டாம். ஊசி குத்தக் குத்த அது தபால்தலை ஓரம் மாதிரி பிய்ந்துகொண்டு வரும், துணி நகரும். கத்தரியால் வெட்டி எடுக்கும் கெட்டி வகையே இதற்குச் சரி.

இப்போது முக்கியமான கட்டம். தோகை முடிந்து, துணியை எடுத்து, உடலுக்காக இரண்டாம் முறை படுக்க வைத்துவிட்டீர்கள். ஸ்டார்ட் அழுத்தாதீர்கள். மெஷின் திரையில் டிசைனை நகர்த்தி, ஊசியை உடலின் அடிப்பகுதி நடுப்புள்ளிக்குக் கொண்டுவாருங்கள். கையால் சக்கரத்தைத் திருப்பி, ஊசி முனை துணியைத் தொட்டும் தொடாமலும் இறக்குங்கள். முனை நடுக்கோட்டின்மேல் நிற்க வேண்டும். பிறகு கொண்டையின் உச்சிக்கு நேரே நகர்த்தி அதேபோல் இறக்குங்கள். அங்கே கோட்டுக்கு இடதோ வலதோ விலகினால் அதுதான் உங்கள் 'ஒரு டிகிரி'. துணியைப் பிய்த்து மறுபடி ஒட்ட வேண்டியதில்லை, திரையில் டிசைனைத் திருப்புங்கள். சில மெஷின்கள் ஒவ்வொரு டிகிரியாகத் திருப்பும், சில 0.1 டிகிரிகூடத் திருப்பும். திருப்பியதும் கீழ்ப்புள்ளி மாறியிருக்கும், அதை மறுபடி பாருங்கள். மேலே, கீழே, மேலே, கீழே. நான் இதற்குக் கால் மணி நேரம் எடுத்துக்கொள்வேன். முழு வேலையிலும் இந்தக் கால் மணிக்கு ஈடே இல்லை.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தோகை தைத்த பிறகு அந்தத் துணி பழைய துணி இல்லை. தையல் இழுத்து அது ஒன்றிரண்டு மி.மீ. சுருங்கியிருக்கும். அதனால் உயரத்துக்கு, முதலில் போட்ட சாக் குறியை நம்பாமல், தைத்து நிற்கும் இறகின் வேரையே பார்த்து ஊசியை நிறுத்துங்கள். கோணத்துக்கு மட்டும் நடுக்கோடு.

பட்டுத் துணியை மெஷினிலிருந்து கீழே தொங்க விடாமல் மேசைமேல் தாங்கலாக வையுங்கள், அதன் கனமே இழுத்துவிடும். கோடையில் ஃபேனை நேராகத் துணிமேல் திருப்பாதீர்கள். கரண்ட் போனால் பதறி ஃப்ரேமைக் கழற்றக் கூடாது. பல மெஷின்கள் விட்ட இடத்தை நினைவில் வைத்திருக்கும், ஃப்ரேமைக் கழற்றித் துணி அசைந்துவிட்டால் அந்த நினைவால் பயனில்லை.

காசு செலவழித்தே ஆக வேண்டுமென்றால், 130×180 மெஷின்களில் சிலவற்றுக்கு 130×300 அளவில் பல நிலை ஃப்ரேம் கிடைக்கிறது, உங்கள் மாடலுக்கு உண்டா என்று கேளுங்கள். அது தையல் பரப்பைப் பெரிதாக்காது, டிசைனைப் பிரித்துத்தான் தைக்க வேண்டும். ஆனால் துணியைக் கழற்றாமல் ஃப்ரேமையே மேலும் கீழும் மாற்றி மாட்டலாம் என்பதால் கோணல் பிரச்சினை பெரும்பாலும் ஒழிந்துவிடும். விளிம்புவரை போகாமல் மயிலை 290-க்குச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

இனி கையில் இருக்கும் ஜாக்கெட். பிரிக்காதீர்கள். பட்டில் ஊசித் துளை நிற்கும், பிரித்தால் 2 மி.மீ. குறை ஒரு கையளவு குறையாகிவிடும். இந்த மூட்டு கழுத்தை ஒட்டி இருந்தால் மயிலுக்கு ஓர் ஆரம் போட்டுவிடுங்கள். ஆரி வேலை செய்பவரிடம் கொடுத்து, மூட்டின்மேல் ஜரி நூலில் சங்கிலித் தையல் மூன்று வரிசை, நடு வரிசையில் சிறு மணி. விரிந்திருக்கும் வலது பக்கத்தில் வரிசைகளை நெருக்காமல் கொஞ்சம் அகலமாக விடச் சொல்லுங்கள். மூட்டு தோகைப் பக்கம் இருந்தால் மணி வேண்டாம். இறகின் நிறத்திலேயே நூல் எடுத்து, இறகு போகும் திசையில் நீள நீளமாகக் கைத்தையல் போட்டால் கலந்துவிடும்.