மில்லுக்குள் ஜேசிபி வேண்டாம்

புதுச்சேரியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “எங்கள் பகுதியில் மூடிக் கிடக்கும் பழைய மில் வளாகத்தை எட்டுப் பேர் ஞாயிறுதோறும் போய்ப் பராமரிக்கிறோம். நிர்வாகத்தில் வாய்வார்த்தையாகச் சரி என்றார்கள். உள்ளே புள்ளி ஆந்தை, கீரி, சாரைப்பாம்பு எல்லாம் இருக்கின்றன. ஒருவர் ஜேசிபி கொண்டுவந்து சீமைக் கருவேலத்தை ஒரே நாளில் இலவசமாக அகற்றித் தருகிறேன் என்கிறார். விடலாமா?”

விடாதீர்கள். டீசல் போட்டு, டிரைவருக்குச் சம்பளம் கொடுத்து இலவசமாக வேலை செய்ய அவருக்கு என்ன வேண்டுதல்? விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் போகிற சரக்கு அது. அதுகூடப் பரவாயில்லை, எடுத்துப் போகட்டும். ஆனால் கருவேலத்தோடு வேம்பும் பூவரசும் சேர்ந்து லாரி ஏறும், அதுதான் அவருக்கு லாபம். ஒரு பள்ளி வளாகத்தில் இப்படித்தான் ‘முள் அகற்ற’ வந்தார்கள். நான் மாலையில் போய்ப் பார்த்தபோது ஆறு பூவரசு இருந்த இடத்தில் மரத்தூள்தான் கிடந்தது. யாரைக் கேட்டாலும் “வழியில் இருந்தது சார்” என்ற ஒரே பதில்.

சீமைக் கருவேலம் போகத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சில்லை. வெட்டினால் மட்டும் போகாது, அடிக்கட்டையிலிருந்து நாலைந்து கிளையாக மறுபடி கிளம்பும். கட்டையை வேரோடு தோண்டி எடுக்க வேண்டும். கன்றுகளை ஐப்பசி மழையில் மண் இளகியதும் கையாலேயே பிடுங்கிவிடலாம். ஆண்டுக்குக் கால்வாசி இடம் எடுத்தால் போதும். எடுத்த இடத்தில் அந்த மழையிலேயே புங்கன், பூவரசு, நாவல், வேலியோரம் இலந்தை வையுங்கள். அவை தலைதூக்கும்வரை மிச்ச முட்புதர்தான் கீரிக்கு வீடு. ஒரேயடியாக வழித்துவிட்டால் சாரை பக்கத்துத் தெரு வீடுகளுக்குள் போகும், அங்கே அடித்துக் கொல்வார்கள்.

பொதுவாக நாட்டு மரம் எதையும் தொடாதீர்கள். ஒன்றே ஒன்று விலக்கு: சுவரில் முளைக்கும் அரசங்கன்று. அரசமரத்தை வெட்டினால் பாவம் என்று உங்கள் குழுவிலேயே ஒருவர் சொல்வார், பறவைக்குப் பழம் ஆயிற்றே என்று இன்னொருவர் சொல்வார். தரையில் நின்றால் இரண்டு பேர் பேச்சும் சரிதான். சுவரில் நின்றால் அதன் வேர் சுண்ணாம்புக் காரைக்குள் புகுந்து செங்கல்லைப் பிளக்கும், பத்து வருஷத்தில் சுவரே சாயும், ஆந்தை குடியிருக்கும் பொந்தும் அதோடு போகும். விரல் தடிமன் தாண்டிய கன்றைப் பிடித்து இழுக்காதீர்கள், வேரோடு செங்கல்லும் கையில் வரும். அடியில் அறுத்துவிட்டு மறுபடி துளிர்க்கத் துளிர்க்க அறுங்கள், சலிக்காமல். வேரைக் கொல்லும் மருந்து வேலையைப் பழைய கட்டடம் தெரிந்தவர் செய்யட்டும். அந்த விரிசலைச் சிமெண்ட் வைத்து அடைக்க ஒரு மேஸ்திரி வருவார், அவரையும் அனுப்பிவிடுங்கள். காரைச் சுவருக்குச் சுண்ணாம்புதான். ஆந்தைப் பொந்தை எப்போதுமே அடைக்கக் கூடாது, மாசி பங்குனியில் அந்தப் பக்கம் ஏணியே வைக்காதீர்கள்.

பாம்பு தெரிந்தால் ஒதுங்கி நில்லுங்கள், தானே போய்விடும். போகாவிட்டால் வனத்துறையைக் கூப்பிடுங்கள். காசு வாங்கிக்கொண்டு சாக்கில் பிடித்துப் போகிறவரைக் கூப்பிட்டால் 1972 வன உயிரினச் சட்டத்தில் நீங்களும் மாட்டுவீர்கள். செங்கல் குவியலுக்குள் கையை விடாதீர்கள், கம்பால் புரட்டுங்கள்.

அப்புறம் அந்த வாய்வார்த்தை அனுமதி. நாளைக்கு அதிகாரி மாறினால் நீங்கள் அத்துமீறி நுழைந்தவர்கள். மனு எழுதி நேரில் கொடுத்து, நகலில் முத்திரையும் மனு பதிவான வரவு எண்ணும் வாங்குங்கள். “அனுமதி வாங்கித் தருகிறேன், கொஞ்சம் செலவாகும்” என்று ஒரு ஆள் வாசலிலேயே நிற்பார், ஐந்து பைசா கொடுக்காதீர்கள். ஒரு கையெழுத்துக்காக ஃபைல் நாலு மேஜையில் தூங்கும், அந்தந்த மேஜைக்கு நீங்களே போய் எழுப்புங்கள். முப்பது வருஷம் அரசு வேலை பார்த்த நானே இன்றைக்கும் அப்படித்தான் அலைகிறேன்.

ஜேசிபிக்காரர் மறுபடி வந்தால், சீமைக் கருவேலம் தவிர ஒரு மரத்தையும் தொட மாட்டேன் என்று பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அதற்கப்புறம் உங்கள் போனை எடுக்க மாட்டார்.