1/2 + 1/3 = 2/5 என்று எழுதும் மகளுக்கு வீட்டில் என்ன சொல்லித் தருவது?

கேள்வி: பெரம்பூரில் இருக்கிறோம். மகள் ஏழாம் வகுப்பு, ஆங்கில வழி. மற்ற பாடங்கள் நன்றாகப் படிக்கிறாள். கணக்கில் பின்னம் வந்தால் மட்டும் தடுமாறுகிறாள். டியூஷனில் குறுக்குப் பெருக்கல் சொல்லித் தந்தார்கள். அந்த வாரத் தேர்வில் சரியாகப் போட்டாள். ஒரு மாதம் கழித்துக் கேட்டால் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதுகிறாள். நான் தமிழ் வழியில் பிளஸ் டூ வரை படித்தவள். வீட்டில் நானே சொல்லித் தரலாமா, இல்லை வேறு டியூஷன் பார்க்க வேண்டுமா?

நீங்களே சொல்லித் தரலாம். பின்னத்துக்காக மட்டும் இன்னொரு டியூஷன் தேட வேண்டாம். இதற்குத் தேவையான கணக்கு உங்களுக்குத் தெரியும். கூடவே வேண்டியது சில காகிதப் பட்டைகள், ஒரு ஸ்கேல், தினமும் இருபது நிமிடம். ஆனால் தொடங்குவதற்கு முன் அந்த 2/5-ஐக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்.

மகளிடம் முதலில் 1/2 இருந்தது. அதோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தாள். கடைசியில் வந்தது 2/5, அதாவது பாதிக்கும் குறைவு. சேர்த்த பிறகு எப்படிக் குறையும் என்று அவளுக்கு உறுத்தவில்லை. விதியை மறந்ததைவிட இந்த உறுத்தல் வராததுதான் கவலைப்பட வேண்டிய விஷயம். 1/2 என்று எழுதினால் அவள் கண்ணுக்கு ஒரு ஒன்று தெரிகிறது, ஒரு இரண்டு தெரிகிறது, நடுவில் ஒரு கோடு தெரிகிறது. பூஜ்ஜியத்துக்கும் ஒன்றுக்கும் சரிபாதியில் இருக்கும் ஒரே எண்ணாக அது தெரியவில்லை. அப்படித் தெரியாதவரை எந்த விதியைச் சொன்னாலும் மனப்பாடமாகத்தான் நிற்கும், தேர்வு முடிந்ததும் கலைந்துவிடும்.

இது உங்கள் வீட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை. அமெரிக்காவில் 1978-இல் நடந்த தேசிய அளவிலான தேர்வில் 13 வயதுப் பிள்ளைகளிடம், 12/13 + 7/8 ஏறத்தாழ எவ்வளவு என்று கேட்டார்கள். கொடுத்த விடைகள் 1, 2, 19, 21. இரண்டு பின்னங்களுமே ஏறக்குறைய ஒன்று, ஆகவே விடை 2. அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் 24 சதவீதம்தான். பாதிக்கும் மேற்பட்டவர்கள் 19 அல்லது 21 என்றார்கள். மேலே இருப்பதைக் கூட்டினால் 19, கீழே இருப்பதைக் கூட்டினால் 21. பின்னத்தை ஒரே எண்ணாகப் பார்க்காத கண்ணுக்கு அந்த இரண்டும்தான் தெரியும்.

மகளின் தவறுக்குள் ஒரு நியாயமும் இருக்கிறது, அதைப் பெரியவர்கள் கவனிப்பதில்லை. பள்ளிப் பிள்ளைகள் அதிகம் பார்க்கும் 'பின்னம்' மதிப்பெண்தான். ஒரு டெஸ்ட்டில் 18/25, அடுத்ததில் 20/25, இரண்டும் சேர்த்து 38/50. மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டுகிறோம், அது சரியாகவும் இருக்கிறது. ஏனென்றால் அங்கே இரண்டு டெஸ்ட் சேரும்போது மொத்தமும் 25-லிருந்து 50 ஆகிவிடுகிறது. பின்னத்தைக் கூட்டும்போது மொத்தம் மாறக் கூடாது. ஒரு லிட்டரில் பாதி, அதே ஒரு லிட்டரில் மூன்றில் ஒரு பங்கு, இரண்டும் சேர்ந்து அந்த ஒரு லிட்டரில் எவ்வளவு என்பதுதான் கேள்வி.

இதை அவளிடம் அப்படியே சொல்லுங்கள். "நீ போட்டது மார்க் கூட்டுகிற முறை, இங்கே கேட்கிறது வேற" என்றால் போதும். தனக்கு மூளை வேலை செய்யவில்லை என்று நினைத்திருக்கும் பிள்ளைக்கு அது பெரிய தெம்பு. கூடவே அரை லிட்டர் பால் பாக்கெட்டில் பாதியும் ஒரு லிட்டர் பாக்கெட்டில் பாதியும் ஒன்றா என்று கேளுங்கள். 'எதில் பாதி?' என்று திருப்பிக் கேட்கும் பழக்கம் வந்துவிட்டால் பல குழப்பங்கள் தானாகவே போய்விடும்.

இப்போது பட்டைகள். ஏ4 தாளில் 24 செ.மீ. நீளம், இரண்டு விரல் அகலத்தில் ஏழெட்டுப் பட்டைகள் வெட்டிக்கொள்ளுங்கள். 24 எதற்கென்றால் அது 2, 3, 4, 6, 8, 12 எல்லாவற்றாலும் மீதியில்லாமல் வகுபடும். ஒரு பட்டையை மடிக்காமல் முழுதாக வைத்துக்கொள்ளுங்கள், அதன் நீளம்தான் 1. இடது முனையில் 0, வலது முனையில் 1 என்று எழுதட்டும். மற்றவற்றை அவளே மடிக்க வேண்டும், நீங்கள் மடித்துக் கொடுக்காதீர்கள். பாதி, கால், அரைக்கால் வரை கையாலேயே மடித்துவிடலாம். மூன்று சம பங்காக மடிப்பது கஷ்டம், அங்கே ஸ்கேல் வைத்து 8 செ.மீ., 16 செ.மீ. என்று கோடு போடலாம். ஆறில் ஒன்று 4 செ.மீ., பன்னிரண்டில் ஒன்று 2 செ.மீ.

ஒவ்வொரு மடிப்பின் மேலும் அது பூஜ்ஜியத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பதை எழுதச் சொல்லுங்கள்: 1/4, 2/4, 3/4, 4/4. துண்டுக்குள் எழுதாமல் கோட்டின் மேல் எழுதுவது முக்கியம். துண்டுக்குள் எழுதினால் 1/4 என்பது ஒரு துண்டின் பெயராகிவிடும். கோட்டின் மேல் எழுதினால் ஸ்கேலில் 5, 6 இருப்பதுபோல அதுவும் ஓர் இடத்தில் இருக்கும் எண் ஆகிறது. பிறகு எல்லாப் பட்டைகளையும் இடது முனை சேர ஒன்றின்கீழ் ஒன்றாக வையுங்கள். 1/2, 2/4, 3/6, 4/8, 6/12 எல்லாம் ஒரே நேர்கோட்டில் வரும். பாடப்புத்தகம் சமான பின்னம் என்று சொல்வது இதைத்தான். மேலேயும் கீழேயும் ஒரே எண்ணால் பெருக்கலாம் என்ற விதியை அவள் ஏற்கெனவே படித்திருப்பாள், எதற்கு என்பது இப்போது கண்ணால் தெரியும்.

சப்பாத்தி, கேக் என்று வட்டம் வரைந்து சொல்லித் தருவதுதான் வழக்கம். ஆரம்ப வகுப்புக்கு அது போதும். ஆறாம், ஏழாம் வகுப்புக்குப் போதாது. "நாலு துண்டுதானே இருக்கு, 5/4 எப்படி வரும்?" என்று பிள்ளைகள் கேட்பது அந்த வட்டத்தால்தான். பட்டை என்றால் பக்கத்தில் இன்னொன்றை ஒட்டினால் ஆயிற்று. 5/4 என்பது ஒன்றைத் தாண்டி இன்னும் ஒரு கால் தூரம். தகா பின்னம், கலப்பு பின்னம் என்று தனித்தனிப் பாடமாகப் படித்தது இங்கே ஒரே இடத்துக்கு இரண்டு பெயர் என்று புரிந்துவிடும்.

முதல் வாரம் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கூட்டல் வேண்டாம். எது பெரிது என்று மட்டும் கேளுங்கள், பேனா எடுக்கக் கூடாது. 1/8 பெரிதா, 1/6 பெரிதா? எட்டு பெரிய எண் என்பதால் 1/8 என்று சொல்லும் பிள்ளைகள் ஏழாம் வகுப்பிலும் உண்டு. அப்புறம் 5/8, 3/7. ஒன்று அரையைத் தாண்டியது, மற்றது தாண்டவில்லை, முடிந்தது. எனக்கு மிகவும் பிடித்தது 7/8, 8/9. இரண்டிலும் ஒன்றை எட்ட ஒரே ஒரு பங்குதான் குறைகிறது. 1/8 குறைவது 1/9 குறைவதைவிடப் பெரிய குறை, ஆகவே 8/9 பெரிது. இதை ஒரு பிள்ளை தானாகச் சொல்லிவிட்டால் பின்னம் அவளுக்கு எண்ணாகிவிட்டது என்று நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். கடைசியாக 5/8, 3/5 கொடுங்கள். இரண்டும் அரைக்குச் சற்று மேலே, கண்ணால் பிடிபடாது. கீழே ஒரே எண் இருந்தால் நன்றாக இருக்குமே என்ற தேவை அங்கேதான் வருகிறது: 25/40, 24/40.

கூட்டலைக் கடிகாரத்தில் தொடங்குங்கள். அரை மணி நேரமும் மூன்றில் ஒரு பங்கு மணி நேரமும் சேர்ந்தால் எவ்வளவு? 30 நிமிடம், 20 நிமிடம், மொத்தம் 50 நிமிடம். அறுபதில் ஐம்பது, சுருக்கினால் 5/6. இதையே 24 செ.மீ. பட்டையில் பார்க்கட்டும்: 12-ம் 8-ம் 20, ஆறில் ஐந்து. இப்போது அவள் எழுதிய 2/5-ஐ அதே பட்டையில் தேடச் சொல்லுங்கள். அது 10 செ.மீ.க்கும் உள்ளே, அரைக்கு இடப்பக்கம் விழுகிறது. நீங்கள் தவறு என்று சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது.

சென்னையில் இன்னொரு நல்ல எண் கையருகே இருக்கிறது. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. அரை கிரவுண்டு 1,200, மூன்றில் ஒரு பங்கு 800, கால் 600, எட்டில் ஒன்று 300. அரையும் எட்டில் ஒன்றும் சேர்ந்தால் 1,500 சதுர அடி, அதாவது 5/8 கிரவுண்டு. இப்படி நாலைந்து கணக்கு போட்டதும் கேளுங்கள்: நிமிடமாக மாற்றினாய், சதுர அடியாக மாற்றினாய், எதற்கு? இரண்டையும் ஒரே அளவுத் துண்டாக ஆக்கினால்தான் எண்ண முடியும் என்பதற்கு. கீழே உள்ள எண்களுக்கு மீ.சி.ம. எடுப்பதும் அதே வேலைதான். அவள் அதை எல்.சி.எம். என்பாள். நீங்கள் தொகுதி, பகுதி என்பீர்கள், அவள் நியூமரேட்டர், டினாமினேட்டர் என்பாள். இதற்காகத் தயங்காதீர்கள், கணக்கு ஒன்றுதான்.

குறுக்குப் பெருக்கல் தவறா என்றால் இல்லை, விடை சரியாகவே வரும். என் குறை, அது யோசிக்க வேண்டிய இடத்தை மூடிவிடுகிறது என்பதுதான். 5/12 + 7/18 எடுத்துக்கொள்ளுங்கள். குறுக்கே பெருக்கினால் 90-ம் 84-ம் சேர்ந்து 174/216, அதைச் சுருக்க வேறு வேண்டும். மீ.சி.ம. 36 என்று கண்டால் 15-ம் 14-ம் சேர்ந்து 29/36, நேராக முடிந்தது. இன்னொன்று, இந்த முறை பழகிய பிள்ளைகள் பெருக்கல் கணக்கிலும் குறுக்கே கோடு இழுக்கிறார்கள். இந்த வாரமே தேர்வு என்றால் அவளுக்குத் தெரிந்த முறையிலேயே போடட்டும், நடுவில் மாற்றிக் குழப்ப வேண்டாம். தேர்வு முடிந்தபின் பட்டையை எடுங்கள்.

கழித்தலில் ஒரே ஒரு இடத்தில் கவனம் வையுங்கள். 3¼ − 1½ கொடுத்தால் 2¼ என்று எழுதுவாள். மூன்றில் ஒன்று போனால் இரண்டு, அரையில் கால் போனால் கால் என்று பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருப்பாள். எல்லாவற்றையும் காலாக மாற்றினால் 13/4 − 6/4 = 7/4, அதாவது 1¾.

பெருக்கலில் × குறியை 'அதில் இத்தனை பங்கு' என்று வாசிக்கப் பழக்குங்கள். அரை கிரவுண்டில் மூன்றில் ஒரு பங்கு 400 சதுர அடி, முழு கிரவுண்டில் அது 1/6. பெருக்கினால் எண் குறையுமா என்ற திகைப்பு அத்தோடு போய்விடும்.

வகுத்தல்தான் பிள்ளைகள் அதிகம் பயப்படும் இடம். 'இரண்டாவது பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்கு' என்று சொல்லிவிடுகிறோம், ஏன் என்று சொல்வதில்லை. முக்கால் லிட்டர் எண்ணெயை 1/8 லிட்டர் பாட்டில்களில் ஊற்றினால் எத்தனை பாட்டில்? ஒரு லிட்டர் என்றால் 8 பாட்டில். முக்கால் லிட்டர் என்றால் அந்த எட்டில் முக்கால் பங்கு, 6 பாட்டில். வகுத்தல் பெருக்கலாக மாறுவது அந்த 'ஒரு லிட்டருக்கு 8' என்ற இடத்தில்தான். 2/3 ஆல் வகுப்பதற்கும் பட்டையைப் பாருங்கள். 24 செ.மீ.யில் 2/3 என்பது 16 செ.மீ. முழுப் பட்டையில் அது ஒரு தடவை போகும், மீதி 8 செ.மீ. என்பது அதில் பாதி. ஆக ஒன்றுக்குள் 2/3 ஒன்றரைத் தடவை இருக்கிறது, அதாவது 3/2. தலைகீழி எங்கிருந்து வந்தது என்பதை அவள் தன் கையாலேயே அளந்துவிட்டாள்.

இதற்கு இவ்வளவு நேரம் கொடுக்க வேண்டுமா என்று தோன்றலாம். நம் பாடத்திட்டத்தில் ஏழாம் வகுப்பிலேயே சதவீதமும் தனிவட்டியும் வருகின்றன, எட்டாம் வகுப்பு விகிதமுறு எண்களோடு தொடங்குகிறது. எல்லாம் பின்னத்தின் மேல் நிற்பவை. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பிள்ளைகளைப் பல ஆண்டு தொடர்ந்து கவனித்த தரவுகளை வைத்து 2012-இல் ஓர் ஆய்வு வந்தது. பத்துப் பன்னிரண்டு வயதில் பின்னமும் வகுத்தலும் எவ்வளவு தெரிந்திருந்தன என்பது, பிற்பாடு உயர்நிலைப் பள்ளிக் கணக்கு எப்படி அமையும் என்பதை மற்ற கணக்குத் திறன்களைவிடத் தெளிவாகக் காட்டியது. உங்கள் மகள் இப்போது அந்த வயதில்தான் இருக்கிறாள். இன்னும் காலம் கடக்கவில்லை.

டியூஷன் ஆசிரியரிடம் ஒரே ஒரு உதவி கேளுங்கள். கணக்கு போடத் தொடங்கும் முன் விடை அரைக்கு மேலா கீழா, ஒன்றுக்கு மேலா கீழா என்று மகள் நோட்டின் ஓரத்தில் எழுத வேண்டும், அதைப் பார்த்த பிறகுதான் அவர் விடையைத் திருத்த வேண்டும். எந்த முறையில் போட்டாலும் பரவாயில்லை. இதற்கு அவர் சம்மதித்தால் டியூஷனை மாற்ற வேண்டாம்.