ஜூம் வகுப்பில் தம்புரா ஏன் காணாமல் போகிறது?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மாணவிகளுக்கு ஜூமில் வாய்ப்பாட்டு சொல்லித்தருகிறேன். தம்புரா விட்டுவிட்டுக் கேட்கிறது என்கிறார்கள். அவர்கள் கார்வை பிடித்தால் (ஒரு ஸ்வரத்தை நீட்டிப் பாடினால்) எனக்குப் பாதியிலேயே மங்கிவிடுகிறது. சேர்ந்து பாடினால் தாளம் ஒட்டுவதே இல்லை. நல்ல மைக் வாங்கினால் சரியாகுமா?

பதில்: மைக் செலவை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். முதல் இரண்டு கோளாறுக்கும் காரணம் ஜூமின் இரைச்சல் நீக்கி. அது பேச்சுக்காகச் செய்யப்பட்டது. பேச்சு ஏறி இறங்கும், இடையிடையே நிற்கும். மின்விசிறியும் ஏசியும் ஒரே சீராக ஓடும். ஆகவே சீராக வருவதை எல்லாம் இரைச்சல் என்று வெட்டிவிடுகிறது. தம்புராவை விடச் சீரான ஒலி ஏது? நீட்டிப் பிடித்த பஞ்சம ஸ்வரத்துக்கும் அதே கதிதான்.

இசைக்காரர்களுக்கென்றே 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' என்ற வசதி ஜூமில் இருக்கிறது. கணினியில் செட்டிங்ஸ், ஆடியோ போய் அதைத் தேர்ந்தெடுங்கள். அதன் கீழே 'ஹை ஃபிடெலிட்டி மியூசிக் மோட்' என்பதற்கு டிக் போடுங்கள். 'ஸ்டீரியோ' வேண்டாம், ஒரு குரலுக்கு அது வீண், நெட்டையும் கூடுதலாகத் தின்னும். மைக் ஒலியளவைத் தானாக மாற்றும் டிக்கையும் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மந்திர ஸ்தாயியில் (கீழ்க்குரலில்) பாடும்போது தூக்கியும் தார ஸ்தாயியில் (மேல்குரலில்) அமுக்கியும் விடும். இவ்வளவும் செய்துவிட்டு, வகுப்பு தொடங்கியதும் திரையில் அதே பெயரில் தெரியும் பொத்தான் 'ஆன்' என்று காட்டுகிறதா என்று பாருங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

இன்னொன்று: இந்த அமைப்பு நீங்கள் அனுப்பும் ஒலிக்கு மட்டுமே. மாணவியின் கார்வை உங்களுக்கு முழுசாகக் கேட்க வேண்டுமானால் அவரும் தன் பக்கம் மாற்றியாக வேண்டும். மொபைலில் இருப்பவர்கள் ஜூம் செயலியின் அமைப்புகளில் ஒரிஜினல் சவுண்டை இயக்கிவிட்டு, வகுப்புக்குள் 'மோர்' மெனுவிலும் அதைத் தட்ட வேண்டும்.

'எக்கோ கேன்சலேஷன்' டிக்கை ஹெட்ஃபோன் மாட்டியிருந்தால் மட்டும் எடுங்கள். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டே எடுத்தால் மாணவியின் குரல் உங்கள் மைக் வழியாக அவருக்கே எதிரொலிக்கும். ஹெட்ஃபோன் வயர் உள்ளதாக இருக்கட்டும். ப்ளூடூத் ஹெட்ஃபோனின் மைக் இயங்கத் தொடங்கியதும் பெரும்பாலும் தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும். விலை அதிகமானதும் விதிவிலக்கல்ல.

தம்புரா இரண்டு வீட்டிலும் தனித்தனியாக ஓடட்டும். ஆனால் ஒரே தம்புரா செயலி, சுருதியின் நுண்ணளவும் ஒன்றே. 5 கட்டை சுருதி என்றால் ஸட்ஜம் சுமார் 196 ஹெர்ட்ஸ். ஒரு பக்கம் 197 ஆக இருந்தால் வினாடிக்கு ஒருமுறை ஒலி கூடிக் குறைந்து அலை அடிக்கும், காது எதிலும் நிற்காது. பாடாதவர் மைக்கை மியூட் செய்துவிட்டால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

தாளத்துக்கு மட்டும் எந்தப் பொத்தானும் உதவாது. சென்னையிலிருந்து கலிஃபோர்னியா சுமார் 14,000 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறக்குறைய 2,00,000 கிலோமீட்டர் போகும். நேர்கோட்டில் போய்வரவே 140 மில்லிசெகண்ட். ஜூமும் வைஃபையும் சேர்ந்தால் கால் வினாடி சாதாரணம். அட்சரத்துக்கு (தாளத்தின் ஓர் எண்ணிக்கைக்கு) ஒரு வினாடி வைத்தால், அட்சரத்துக்கு நான்கு ஸ்வரம் வரும் மூன்றாம் காலத்தில் ஒரு ஸ்வரம் அதே கால் வினாடி. ஆக, மாணவி சரியாகப் பாடினாலும் உங்களுக்கு ஒரு ஸ்வரம் பின்தங்கித்தான் கேட்கும். நீங்கள் அவருக்காகக் காத்திருப்பீர்கள், அவர் உங்களுக்காக இழுப்பார், லயம் படுத்துவிடும்.

ஆகவே சேர்ந்து பாட வேண்டிய இடத்தில் மாணவியை மியூட்டில் வைத்து உங்களோடு பாடச் சொல்லுங்கள். அவர் பக்கத்தில் அது சேர்ந்தே ஒலிக்கும். பிறகு உங்கள் மைக்கை மூடி, அவரைத் தனியாகத் தாளம் போட்டுப் பாடவிடுங்கள். கேட்கும்போது நீங்கள் தாளம் போடாதீர்கள். அவர் கையைத் திரையில் பாருங்கள். அவர் குரலும் அவர் கையும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்து சேரும். இரண்டும் விலகினால் அது அவர் பிழை, இணையத்தின் பிழை அல்ல.