'டவுட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குச் சரியான பொருள் என்ன? எங்கே பயன்படுத்தலாம், வேறு சொற்கள் உண்டா?

நீங்கள் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்து வெளிநாட்டுக்காரர்களோடு பேசிக்கொண்டிருப்பவர் என்று நானாகவே நினைத்துக்கொள்கிறேன். பரீட்சைக்குப் படிப்பவர் என்றால் 'சந்தேகம், ஐயம்' என்று எழுதுங்கள், மதிப்பெண் விழுந்துவிடும், மீதியைப் படிக்க வேண்டாம். நானும் அந்த இரண்டு சொல்லோடு நகர்ந்திருப்பேன், ஆனால் இந்தச் சொல்லால் எட்டு பேர் முன்னால் அவமானப்பட்டவன் என்பதால் முடியவில்லை.

சென்னையில் ஒரு கணக்குக் கம்பெனியில் இருந்தேன். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்து வாடிக்கையாளர் ஒருவரின் பில்களைச் சரிபார்த்து ஏற்றும் வேலை. அந்தப் பக்கம் ஒரு பெரியம்மா வயதுக்காரர், கணக்கில் புலி. அவர் அனுப்பிய ஒரு ஷீட்டில் எஃப் என்ற நெடுவரிசைக்கு, அதாவது எஃப் 'காலத்துக்கு', தலைப்பே இல்லை. அந்த ஊர் 20 சதவீத வாட் வரியைச் சேர்த்த தொகையா, சேர்க்காத தொகையா? எனக்குத் தெரியவேண்டியது அவ்வளவுதான். கான்ஃபரன்ஸ் காலில் நல்ல பிள்ளையாக, "மேடம், ஐ ஹேவ் எ டவுட் அபௌட் யுவர் ஃபிகர்ஸ்" என்றேன். மறுமுனையில் சத்தமே இல்லை. நெட் போய்விட்டதோ என்று மியூட் பட்டனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அவர் ரொம்ப நிதானமாக, எந்தத் தொகையில் உங்களுக்கு நம்பிக்கை இல்லை என்று கேட்டார். நான் அப்போதும் புரியாமல், "எஃப் காலம் முழுக்க மேடம்" என்றேன்!

சாயங்காலம் ஒவ்வொரு தொகைக்கும் ஆதாரம் வைத்து, என் மேனேஜரையும் நகலில் போட்டு, நீளமான மெயில் வந்தது. மேனேஜர் அறைக்குள் கூப்பிட்டு, "இங்கிலீஷ் வராதென்றால் வாயை மூடிக்கொண்டு இரு" என்றார். அவர்தான் ஒவ்வொரு மீட்டிங் முடியும்போதும் "எனி டவுட்ஸ்?" என்று கேட்கிறவர் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

விஷயம் என்னவென்றால், ஆங்கிலத்தில் டவுட் என்பது தெரியாததைக் கேட்பது இல்லை. நீங்கள் சொல்வதை நம்புவதா வேண்டாமா என்று மனம் ஊசலாடுகிற நிலை. அதனால் ஒருவருடைய கணக்கில் டவுட் என்றால் அந்தக் கணக்கை நம்பவில்லை என்றுதான் அவர் காதில் விழும். தெரிந்துகொள்ளக் கேட்டால் அது க்வெஸ்சன், அலுவலக மெயிலில் க்வெரி. நம்மூரில் சந்தேகம் என்ற ஒரே சொல் வாத்தியாரிடம் கேட்பதற்கும், போலீஸ் ஒருவனைப் பிடித்துக்கொண்டு போவதற்கும், புருஷன் பெண்டாட்டியைப் படுத்துவதற்கும் பொதுவாக இருப்பதால் நமக்கு வித்தியாசம் உறைக்கவில்லை. ஸ்பானிஷ்காரர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. அவர்கள் மொழியில் டவுட்டுக்கு நேரான 'துதா' கேள்விக்கும் ஆகும், அதனால் அவர்களும் ஆங்கிலத்தில் இப்படிச் சொல்லி மாட்டிக்கொள்கிறார்கள்.

ஆனால் நான் சொன்னது முழுத் தப்பு என்று இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன். நன்னூலில் வினா ஆறு வகை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். பொருள் தெரியாத மாணவன் ஆசிரியரிடம் கேட்பது அறியாவினா. இரண்டில் எது என்று தடுமாறி, கயிறா பாம்பா என்று கேட்பது ஐயவினா. வரி சேர்த்ததா சேர்க்காததா என்பது அசல் ஐயவினா! ஆங்கில டவுட்டுக்கு மூலமான லத்தீன் சொல் துபிதாரே, அதன் வேரும் இரண்டு என்பதற்கான சொல்தான் என்கிறார்கள். எழுத்தில் இருந்துகொண்டு வாயில் வராத அந்த 'பி'யும் அங்கிருந்து வந்ததே. பிரெஞ்சு வழியாக 'பி' இல்லாமல் ஆங்கிலத்துக்குள் வந்த சொல்லில், லத்தீன் படித்த பண்டிதர்கள் பிற்பாடு அதைச் செருகிவைத்தார்கள். இரண்டாம் வகுப்பில் நாம் அடி வாங்கியது அவர்கள் புண்ணியத்தில்.

மற்ற பயன்பாடுகளில் இவ்வளவு ஆபத்தில்லை. 'பெனிஃபிட் ஆஃப் தி டவுட்' நமக்குப் பேப்பரில் பழக்கம், சந்தேகத்தின் பலனை அளித்து நீதிமன்றம் விடுதலை செய்தது என்று போடுவார்களே, அது. 'நோ டவுட்' மட்டும் கொஞ்சம் ஏமாற்றும். சந்தேகமே இல்லை என்று தோன்றும், ஆனால் பல இடங்களில் 'அநேகமாக' என்ற அளவுக்குத்தான் கனம். அடித்துச் சொல்ல வேண்டுமானால் 'வித்தவுட் எ டவுட்'.

ஒத்த சொற்களில் சஸ்பிஷன் என்பதை டவுட்டுக்குப் பதிலாகப் போட்டுவிடாதீர்கள். இவன்தான் திருடியிருப்பான் என்று நினைப்பது சஸ்பிஷன், இவனா திருடியிருப்பான் என்று நினைப்பது டவுட். மிஸ்கிவிங் என்றால் இது சரிப்பட்டு வராது என்று உள்ளுக்குள் உறுத்துவது. ரிசர்வேஷன் ரயிலுக்கு மட்டும் இல்லை, முழு மனதாகச் சம்மதிக்க முடியாததை நாசூக்காகச் சொல்லவும் அதுதான். அந்த ஒரு சொல்லைக் கற்றுக்கொண்ட பிறகு எனக்கு மெயில் சண்டை பாதி குறைந்தது.

இந்திய ஆங்கிலத்தில் இது சகஜம், வெள்ளைக்காரனுக்கு நாம் ஏன் பயப்பட வேண்டும் என்று கமென்டில் வரப்போகிறவர்களுக்கு: சரி, நம் ஊருக்குள் தாராளமாகச் சொல்லுங்கள், ஒருவரும் தப்பாக எடுக்கப்போவதில்லை. லீட்ஸ் அம்மாவிடம் நீங்கள் வந்து பேசுவதாக இருந்தால் எனக்கும் ஆட்சேபணை இல்லை.

இந்தச் சொல்லை வைத்துக் காசு பார்ப்பவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பையனை ஒரு ஆன்லைன் கோச்சிங்கில் சேர்த்தோம். பாடத்துக்கு ஒரு கட்டணம், 'டவுட் க்ளியரிங்' வகுப்புக்குத் தனியாக 3,500 ரூபாய். பாடம் நடத்துகிறவன் புரியவைக்காததற்கு நாம் ஏன் தனியாக அழ வேண்டும்? மூன்று மாதத்தில் அந்த வகுப்பு ஒன்றுகூட நடக்கவில்லை. போன் போட்டால் ஒரு பெண் குழைவாக, "உங்க டவுட் என்ன சார்?" என்கிறது. உங்கள் கம்பெனி மேலேயேதான் அம்மா என்றேன். இந்த இடத்தில் டவுட் லீட்ஸ் அம்மா கணக்குப்படியும் சரி.