‘நீ ரொம்ப சென்சிடிவ்’: சிங்கப்பூரின் சின்னச் சின்ன இனப்பாகுபாடு, கேள்வி பதில்

வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: “இது இனவெறியா, இல்லை நான்தான் அப்படி எடுத்துக்கறேனா?” அதனால் அதை முதலில் வைத்திருக்கிறேன்.

எம்ஆர்டி ரயிலில் என் பக்கத்து இருக்கை மட்டும் கடைசிவரை காலியாக இருக்கிறது. ஒருநாள் ஒரு அம்மா உட்கார வந்து, என்னைப் பார்த்துவிட்டு நகர்ந்துபோய் நின்றார். வீட்டில் சொன்னால் “அடுத்த ஸ்டேஷன்ல இறங்குறவங்களா இருக்கும்”னு சொல்றாங்க. நான் கற்பனை செய்கிறேனா அக்கா? (ஈசூன்)

அந்த ஒரு அம்மாவைப் பற்றி உங்களாலும் என்னாலும் எதுவும் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் கேட்பது ஒரு அம்மாவைப் பற்றியல்ல, பல மாதக் கணக்கைப் பற்றி. இந்த வகை அவமதிப்பின் குணமே அதுதான். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வேறொரு காரணம் சொல்லிவிடலாம். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் சொல்ல முடியாது.

அமெரிக்க மனநல மருத்துவர் செஸ்டர் பியர்ஸ் 1970-இல் இதற்கு ‘மைக்ரோஅக்ரெஷன்’ என்று பெயர் வைத்தார். 2007-இல் டெரால்ட் விங் சூ என்ற உளவியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் மூன்றாகப் பிரித்தார்கள்: தெரிந்தே குத்துவது, தெரியாமல் மட்டம் தட்டுவது, நடந்ததையே இல்லை என்பது. வீட்டில் உங்களுக்குக் கிடைத்தது மூன்றாவது. அதிகம் களைப்பாக்குவதும் அதுதான், ஏனென்றால் வலியையும் தாங்கி, அதற்குச் சாட்சியும் நீங்களே தேட வேண்டியிருக்கிறது.

இந்தக் கருத்தை மறுப்பவர்களும் உண்டு. 2017-இல் ஸ்காட் லிலியன்ஃபெல்ட் என்ற உளவியலாளர், ‘எது இதில் சேரும் என்ற வரையறையே தளர்வாக இருக்கிறது’ என்று எழுதினார். அது நியாயமான விமர்சனம்தான். அதனால்தான் நான் யாரிடமும் “அவர் மனதில் என்ன இருந்தது” என்று தேடச் சொல்வதில்லை. நோக்கம் என்னவென்று தீர்ப்பு எழுதுவது உங்கள் வேலையில்லை. அந்த வேலையை விட்டாலே பாதிச் சோர்வு குறையும். இருக்கைக்கு நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. புத்தகத்தைத் திறங்கள். குறுகி உட்காராதீர்கள், பையை மடியில் இறுக்கி வைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

வாடகைக்கு வீடு தேடுகிறோம். ஏஜென்ட் போனில் குரலைக் கேட்டதும் “யூ இந்தியன் ஆ? ஓனர் டோன்ட் வான்ட், சாரி ஆ” என்கிறார். இன்னொருவர் “ரேஸ் கோட்டா முடிஞ்சிருச்சு” என்கிறார். உண்மையா? (செங்காங்)

முதலாவதில் நுட்பம் எதுவும் இல்லை, பச்சையாகவே சொல்லிவிட்டார். இரண்டாவது பொய், அல்லது அவருக்குத் தெரியவில்லை.

1989-இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை, ஒவ்வோர் இனத்துக்கும் எத்தனை வீடு என்று வரம்பு வைக்கிறது. அது வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டை வாங்குவதற்கும் விற்பதற்கும்தான். 2010 முதல் இந்தியர், மற்றவர் பிரிவுக்கு ஒரு வட்டாரத்தில் 12 விழுக்காடு, ஒரு புளோக்கில் 15 விழுக்காடு. முழு வீட்டை வாடகைக்கு விடுவதற்கு இருப்பது குடிமக்கள் அல்லாதோருக்கான வரம்பு: வட்டாரத்தில் 8, புளோக்கில் 11 விழுக்காடு. அதில் இனம் என்ற பேச்சே இல்லை. அறை மட்டும் வாடகைக்கு எடுத்தால் அதுவும் கிடையாது. அடுத்த முறை “எந்தக் கோட்டா? குடியுரிமைக் கோட்டாவா?” என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது.

வீட்டுக்காரரை வழிக்குக் கொண்டுவர, வேலையிடத்துக்கு நிறைவேறியிருப்பது போன்ற சட்டம் வாடகைக்கு இல்லை. ஆனால் ஏஜென்ட்டுக்குக் கட்டுப்பாடு உண்டு. ஒரு இனத்தை ஒதுக்கும் விளம்பரம் போடக் கூடாது என்பது சொத்து முகவர் மன்றத்தின் வழிகாட்டி. விளம்பரத்தில் ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். அந்த எண், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், தேதி மூன்றும் இருந்தால் மன்றத்தில் புகார் கொடுக்கலாம். போனில் சொன்னதற்குச் சாட்சி இல்லை, அதனால் போனை வைத்த உடனே வாட்ஸ்அப்பில் “இந்தியர் என்பதால் ஓனர் வேண்டாம் என்றதாகச் சொன்னீர்கள், சரிதானே?” என்று அனுப்புங்கள்.

இனி சொல்வதில் பலருக்கு உடன்பாடு இருக்காது. முதல் செய்தியிலேயே “இந்தியக் குடும்பம், 3 பேர், தினமும் சமைப்போம், 2 வருட ஒப்பந்தம்” என்று எழுதிவிடச் சொல்கிறேன். இது பணிந்துபோவது இல்லை. மறுக்கப்போகிற வீட்டுக்கு மாலையில் இரண்டு பஸ் மாறிப் போய் வாசலில் அவமானப்படுவதைவிட, திரையிலேயே முடிந்துபோவது உடம்புக்கு நல்லது. “சமையல் கூடாது” என்பது பல இடங்களில் “இந்தியர் கூடாது” என்பதன் மரியாதையான வடிவம் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

மீட்டிங் ஆங்கிலத்தில் தொடங்கும். பத்து நிமிடத்தில் எல்லாரும் மாண்டரினுக்குப் போய்விடுவார்கள். சிரிப்பார்கள். கடைசியில் “ஓகே, செட்டில்” என்பார்கள். கேட்டால் “சின்ன விஷயம்தான்” என்கிறார்கள். (தெம்பனிஸ்)

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடியிருப்பாளர்களில் சீனர் 74.3 விழுக்காடு, இந்தியர் 9. ஆறு பேர் உட்கார்ந்தால் நீங்கள் ஒருவர்தான் என்பது பல அலுவலகங்களில் நடப்பு. அவர்கள் வேண்டுமென்றே செய்யாமல் இருக்கலாம். விளைவு ஒன்றுதான்: முடிவு எடுக்கும்போது நீங்கள் அறையில் இருந்தும் இல்லை.

மொழி மாறிய பிறகு முகத்தைச் சுளித்துக் காட்டுவது பலிக்காது, யாரும் பார்க்க மாட்டார்கள். கூட்டம் தொடங்கும்போதே “இன்று குறிப்பு நான் எடுக்கிறேன்” என்று சொல்லுங்கள். குறிப்பு எடுப்பவருக்கு நடுவில் நிறுத்தும் உரிமை தானாக வந்துவிடும். மாண்டரின் தொடங்கி ஒரு நிமிடம் பொறுங்கள், பிறகு “சாரி, ஐ நீட் தட் இன் இங்கிலீஷ் ஃபார் த மினிட்ஸ். வாட் டிட் வீ டிசைட்?” இவ்வளவு போதும். “நீங்கள் என்னை ஒதுக்குகிறீர்கள்” என்று தொடங்கினால் பேச்சு உங்கள் மனநிலையைப் பற்றியதாகிவிடும், முடிவு அப்படியே இருக்கும்.

இதில் ஒரு பொறி உண்டு. மூன்று கூட்டத்துக்கு மேல் நீங்களே எழுதினால் நிரந்தர எழுத்தர் ஆகிவிடுவீர்கள். நான்காவது கூட்டத்தில் “சுழற்சி முறையில் போகலாமா” என்று கேட்டு அடுத்தவரிடம் தள்ளிவிடுங்கள். அதற்குள் ஆங்கிலத்தில் பேசும் பழக்கம் ஓரளவு ஒட்டியிருக்கும். ஒட்டவில்லையா, அப்போது மேலாளரிடம் தேதிகளோடு போகலாம்.

ஆபீஸ் மைக்ரோவேவில் சாம்பார் சாதத்தைச் சூடு பண்ணினால் “வா, சோ ஸ்ட்ராங்” என்று மூக்கைப் பொத்துகிறார்கள். இப்போது ரொட்டிதான் கொண்டுபோகிறேன். (புக்கிட் பாத்தோக்)

டுரியான் ருசித்துச் சாப்பிடும் ஊரில் சாம்பார் நாறுகிறதாம்!

ரொட்டிக்கு மாறியதுதான் எனக்குக் கவலை தருகிறது. சாப்பாட்டை மறைப்பது, தலைக்கு எண்ணெய் வைக்காமல் போவது, அம்மா போனில் கூப்பிட்டால் தமிழில் பேசாமல் வெளியே ஓடுவது என்று ஒவ்வொன்றும் சின்னதுதான். ஆனால் இதைச் செய்யலாமா என்று நாள் முழுக்க மூளையின் ஒரு மூலை கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். சாயங்காலம் காரணமே இல்லாமல் பிள்ளைகள்மேல் எரிந்து விழுவது அங்கிருந்துதான் வருகிறது.

வாரத்தில் இரண்டு நாள் சாம்பாரைத் திரும்பக் கொண்டுபோங்கள். மூடி போட்டுச் சூடு பண்ணுங்கள், அது யாருக்கும் பொதுவான மரியாதை. யாராவது சொன்னால் சிரிக்காமல், சாதாரண முகத்தோடு “யா, சாம்பார். என் லன்ச்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து சாப்பிடுங்கள். விளக்கமும் மன்னிப்பும் வேண்டாம், கூடச் சேர்ந்து சிரிக்கவும் வேண்டாம். கூடச் சிரித்தால் அடுத்த முறை அது வழக்கமான ஜோக் ஆகிவிடும்.

“லைட் ஆஃப் பண்ணா நீ தெரியமாட்டே” என்று குழு வாட்ஸ்அப்பில் போட்டார் சூப்பர்வைசர். அந்த நேரத்தில் வாயடைத்துப் போனேன். இரண்டு நாள் ஆகிவிட்டது. இனிச் சொல்ல முடியுமா? புகார் கொடுத்தால் வேலை போகுமா? (ஜூரோங்)

முடியும். அந்த நேரத்தில் வாயடைத்துப்போவது கோழைத்தனம் இல்லை. அதிர்ச்சியில் உடம்பு அப்படித்தான் உறையும். இரண்டு நாள் கழித்துச் சொன்னாலும் சொல்லின் எடை குறையாது. தனியாக நேரம் கேட்டு: “செவ்வாய்க்கிழமை குரூப்பில் என் நிறத்தைப் பற்றிப் போட்டீர்கள். எனக்குப் பிடிக்கவில்லை. இனிமேல் போட வேண்டாம்.” அவ்வளவுதான். “நீங்கள் ரேசிஸ்ட்” என்று சொல்லாதீர்கள். சொன்ன நிமிடம் அவர் தன் இந்திய நண்பர்களின் பட்டியலை எடுப்பார், பேச்சு அவர் நல்லவரா என்று திரும்பிவிடும். அந்த வாக்கியத்தைப் பற்றியே பேசுங்கள். “ஜோக்கிங் ஒன்லி லா” என்றால், “தெரியும். இருந்தாலும் வேண்டாம்.”

பேசுவதற்கு முன் ஆதாரத்தைப் பத்திரப்படுத்துங்கள். தேதியும் அனுப்பியவர் பெயரும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட், முன்னும் பின்னும் நாலைந்து செய்திகளோடு. குழுவை விட்டுக் கோபத்தில் வெளியேறாதீர்கள், முதலில் உரையாடலை எக்ஸ்போர்ட் செய்யுங்கள். தானாக மறையும் செய்தி அமைப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு சின்ன நோட்டில் அன்றன்றைக்கே எழுதுங்கள்: தேதி, மணி, இடம், சொன்ன சொற்கள் எந்த மொழியில் சொன்னாரோ அப்படியே, யார் யார் இருந்தார்கள், பிறகு வேலையில் என்ன மாறியது. உங்கள் கருத்து அதில் வேண்டாம். பலர் செய்யும் தவறு, நிறுவனத்தின் உள் ஆவணங்களைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்புவது. அது உங்கள்மேலேயே ஒழுங்கு நடவடிக்கையாகத் திரும்பும்.

அடுத்தது மனிதவளப் பிரிவு. அங்கே நகரவில்லையென்றால் டாஃபெப், அதாவது நியாயமான வேலை நடைமுறைகளுக்கான முத்தரப்புக் கூட்டணி. வழிகாட்டிகளை மீறும் நிறுவனத்துக்கு மனிதவள அமைச்சு வெளிநாட்டு ஊழியர் அனுமதியை 12 முதல் 24 மாதம் வரை நிறுத்தி வைக்கலாம். முதலாளிகள் பயப்படுவது அதற்குத்தான். 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் வேலையிட நியாயச் சட்டத்தை நிறைவேற்றியது. வேலைக்கு எடுப்பது, பதவி உயர்வு, பணிநீக்கம் ஆகியவற்றில் இனத்தையும் மொழித்திறனையும் காரணமாக்குவதை, நடைமுறைக்கு வரும்போது, அது தடுக்கும். புகார் கொடுத்தவரைப் பழிவாங்குவதையும் தடுக்கும். ஆனால் 25 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்குத் தொடக்கத்தில் பொருந்தாது. சின்னப் பட்டறையில் வேலை என்றால், குறிப்பாக வொர்க் பெர்மிட்டில் இருந்தால், புகாருக்கு முன்பே வெளியே ஒரு ஆலோசனை கேட்டுக்கொள்ளுங்கள். துணிச்சலாகப் பேசச் சொல்வது எனக்குச் சுலபம், வாடகை கட்டுவது நீங்கள்.

பாலர் பள்ளியில் என் மகளை “ஆப்பு நேநே” என்று ஒரு பிள்ளை கூப்பிட்டதாம். ராத்திரி குளிக்கும்போது கையைத் தேய்த்துத் தேய்த்து, “அம்மா, இது போகுமா?” என்று கேட்டாள். (பொங்கோல்)

“அவங்க சின்னப் பிள்ளைங்க, விடு” என்று சொல்லாதீர்கள். அவளும் சின்னப் பிள்ளைதான். இந்தியரை இழிவாகக் குறிக்கும் இந்தச் சொல் பிள்ளை கண்டுபிடித்ததில்லை. “அடம் பிடிச்சா ஆப்பு நேநே பிடிச்சுட்டுப் போயிடுவான்” என்று பெரியவர்கள் பயம் காட்டும் சொல்.

இன்றிரவு அவளிடம் முதலில் கேளுங்கள்: என்ன சொன்னான், நீ என்ன செய்தாய், டீச்சர் இருந்தாரா. முழுதும் சொல்லி முடிக்கட்டும். பிறகு நேராகச் சொல்லுங்கள்: “இது அழுக்கு இல்லை. இது உன் தோல். அம்மா தோலும் இதே நிறம், பார்.” கையோடு கை வைத்துக் காட்டுங்கள். அடுத்து, பள்ளியில் எந்த மொழியில் கேலி நடக்கிறதோ அந்த மொழியிலேயே ஒரு வரி கற்றுக்கொடுங்கள்: “டோன்ட் கால் மீ தட். மை நேம் இஸ்…” நீங்கள் கேலி செய்யும் பிள்ளையாக நடித்து, ஐந்தாறு முறை விளையாட்டாகப் பழக்குங்கள். முதல் இரண்டு முறை குரல் எழும்பாது, பரவாயில்லை.

டீச்சரிடம் அந்தப் பிள்ளைக்குத் தண்டனை கேட்காதீர்கள். இரண்டு கேள்வி கேளுங்கள்: அந்தச் சொல் மறுபடி காதில் விழுந்தால் வகுப்பில் என்ன சொல்வீர்கள்? இரண்டு வாரம் கழித்து எந்த நாளில் எனக்குச் சொல்வீர்கள்? நாள் குறிக்காவிட்டால் விஷயம் கரைந்துபோகும். ஜூலை 21 இன நல்லிணக்க நாளுக்குப் புடவை கட்டிவிடுவதோடு பள்ளியின் கடமை முடிந்துவிடுவதில்லை.

கடைசியாக, வீட்டுக்குள்ளும் பாருங்கள். “வெயில்ல ஆடாதே, கறுத்துடுவே” என்று பாட்டி சொல்கிறாரா? குளியலறை அலமாரியில் சிவப்பழகு கிரீம் இருக்கிறதா? பள்ளியில் கேட்ட சொல்லுக்கு வீட்டிலேயே சாட்சி இருந்தால் அவள் யாரை நம்புவாள்?

நாமும்தானே பங்ளாதேஷ் தொழிலாளிகளைக் கண்டால் தள்ளி நிற்கிறோம்? ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களை நக்கல் பண்ணுகிறோம்? பிறகு எதற்கு இந்தப் புலம்பல்? (பிடோக்)

செய்கிறோம். சாதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதனால் மேலே கேட்டவர்களின் வலி பொய்யாகிவிடாது. நம் பக்கத்து இருக்கை காலியாவது எப்படி என்று நமக்கு உள்ளிருந்தே தெரியும், அவ்வளவுதான்.

எல்லாம் சரி. ராத்திரி இரண்டு மணிக்கு அதே வாக்கியம் மண்டையில் ஓடுகிறது. என்ன சொல்லியிருக்கலாம், எப்படிச் சொல்லியிருக்கலாம் என்று. (அங் மோ கியோ)

படுக்கையில் அதை எதிர்த்து வாதாடாதீர்கள், ஜெயிக்க முடியாது. மாலை ஆறரை ஏழு மணிக்கே அதற்கு 15 நிமிடம் ஒதுக்குங்கள். நடந்ததையும் அது எங்கே குத்தியது என்பதையும் நிறுத்தாமல் எழுதுங்கள், தமிழிலேயே. எழுத்துப் பிழை பார்க்க வேண்டாம். நான்கு நாள் தொடர்ந்து. ஜேம்ஸ் பென்னபேக்கர் என்ற உளவியலாளர் 1980-களில் சோதித்துப் பார்த்த முறை இது. எழுதி முடித்ததும் மனம் கனக்கும், அது வழக்கம்தான். ஆனால் ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட மோசமானால் நிறுத்திவிடுங்கள். புகாருக்கான நோட்டும் இதுவும் வேறு வேறு. கலக்காதீர்கள். அது மனிதவளப் பிரிவுக்கு, இது கிழித்துப்போட.

இன்னொன்று, “அப்படியா, அப்புறம்?” என்று மட்டும் கேட்கும் ஒரு ஆள் வேண்டும். “நீ இப்படிச் சொல்லியிருக்கணும்” என்று திருத்துபவர் வேண்டாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டால், பசி போனால், வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சு படபடத்தால், பாலிகிளினிக் மருத்துவரிடம் போங்கள். என்ன நடந்தது என்பதையும் சொல்லுங்கள், வெறும் “தூக்கம் இல்லை” என்றால் மாத்திரையோடு அனுப்பிவிடுவார்கள். நள்ளிரவில் பேச ஆள் வேண்டுமென்றால் 1771 என்ற மனநல உதவி எண்ணை அழையுங்கள்.

கார்த்திகேயன் என்பது நீளமாம். பாஸ் “கேன் ஐ கால் யூ கென்?” என்கிறார். (தோ பாயோ)

“கார்த்திக் போதும்” என்று நீங்களே சுருக்கிக் கொடுங்கள், கென் வேண்டாம். மின்னஞ்சல் கையொப்பத்தில் பெயருக்குக் கீழே ‘கார்-திக்’ என்று பிரித்துப் போடுங்கள். தவறாகக் கூப்பிட்டால் அடுத்த நொடியே திருத்துங்கள், ஒரு சொல்லில். மூன்று வாரம் விட்டுவிட்டால் கென்தான் நிலைக்கும்.