சதுப்பு நிலத்துக்கு முழுப் படம் எதற்கு?

கேள்வி: பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் நீர்ப்பரப்பு ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறுகிறது என்று சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆய்வு செய்கிறேன். ஆர் (R) நிரல்மொழியில் படத்தை டேட்டா ஃப்ரேமாக, அதாவது அட்டவணையாக, மாற்றினாலே லேப்டாப் ஹேங் ஆகிறது. ரேம் 8 ஜிபி. புதிது வாங்கித்தான் ஆக வேண்டுமா?
- ஆய்வு மாணவி, வேளச்சேரி

பதில்: வேண்டாம்மா, உங்கள் லேப்டாப்பே போதும். போரூர் ஏரியையும் செம்பரம்பாக்கத்தையும் நான் இதே 8 ஜிபியில்தான் பார்க்கிறேன்.

டேட்டா ஃப்ரேமை விட்டுவிடுங்கள். ஒரு பிக்ஸல் 10 மீட்டர் சதுரத்தைக் காட்டும் பட்டை (ஓர் ஒளி அலைவரிசைக்கான படம்) ஒன்றில் 10,980-க்கு 10,980 பிக்ஸல், அதாவது 12 கோடிக்கு மேல். பச்சை, அண்மை அகச்சிவப்பு என இரண்டு பட்டை, கூடவே எக்ஸ், ஒய் என நான்கு நெடுவரிசை. ஒவ்வொரு எண்ணுக்கும் ஆர் 8 பைட் எடுத்துக்கொள்வதால் மொத்தம் சுமார் 3.9 ஜிபி. நடுவில் ஒரு நகல் உருவானாலே ரேம் நிறைந்துவிடும்.

ஆரின் டெர்ரா (terra) பேக்கேஜில் ரேஸ்ட் (rast) கட்டளையால் படத்தைத் திறங்கள். அது படத்தின் அளவு, ஆயமுறை (பூமியில் இடத்தை எண்களால் குறிக்கும் முறை) போன்ற விவரங்களை மட்டுமே படிக்கும். பிக்ஸல்கள் கோப்பிலேயே இருக்கும். அடுத்த வேலை கிராப் (crop), அதாவது வேண்டிய பகுதியை மட்டும் வெட்டுவது. சதுப்பு நிலத்தைச் சுற்றி 10 கிலோமீட்டர் சதுரம் வெட்டினால் மிஞ்சுவது 10 லட்சம் பிக்ஸல்தான். நீர்க் குறியீட்டை (பச்சையிலிருந்து அண்மை அகச்சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுப்பது) அதற்கப்புறம் கணக்கிடுங்கள். முழுப் படத்துக்கும் கணக்குப் போட்டுவிட்டுக் கடைசியில் வெட்டுவதைத்தான் நிறைய பேர் செய்கிறார்கள். நேரமெல்லாம் அங்கேதான் போகிறது.

சதுப்பு நிலத்தின் எல்லைக் கோப்பின் ஆயமுறை வேறாக இருந்தால் அதைப் படத்துக்கு ஏற்ப மாற்றுங்கள். படத்தை மாற்றப் போனால் பிக்ஸல் மதிப்புகளே மாறிவிடும். நீர் உண்டு, இல்லை என்ற முடிவைச் சேமிக்க 1 பைட் முழு எண் வகை போதும்; சொல்லாவிட்டால் டெர்ரா 4 பைட்டில் எழுதக்கூடும்.

வேகத்தைவிட எனக்குக் கவலை தருவது இன்னொன்று. 2022 ஜனவரி 25 முதல் வெளியான படங்களில் பிக்ஸல் மதிப்போடு 1000 கூட்டப்பட்டிருக்கிறது. கழிக்காமல் கணக்கிட்டால் குறியீட்டின் கீழ்ப்பகுதி 2000 கூடி, மதிப்பு பூஜ்யத்தை நோக்கிச் சுருங்கும். பள்ளிக்கரணையில் எதுவுமே நடக்காமல் அந்த ஆண்டில் ஒரு மாற்றம் தெரியும். பழைய படங்களையும் பிறகு புது முறையில் மறுபடி தயாரித்திருக்கிறார்கள் என்பதால் தேதியை மட்டும் நம்பாதீர்கள். ஒவ்வொரு படத்தோடும் வரும் மெட்டாடேட்டா (படத்தின் விவரங்கள்) கோப்பைத் திறந்து ஆஃப்செட் -1000 என்று இருக்கிறதா என்று பார்த்த பிறகே 1000-ஐக் கழியுங்கள்.